கிணறு நம்முடையது, நீர் யாருடையது?

“எம் மனையில் எம் காசைப் போட்டுத் தோண்டிய கிணறு, எம் வீட்டு மாடியில் பெய்யும் மழை. இதில் அரசாங்கம் சட்டம் போடுவதற்கு என்ன இருக்கிறது? அதற்குக் கட்டுப்படுவது மார்க்கப்படி கடமையா?” என்று வீட்டுக்காரர்கள் பலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. பிறர் பொருளை அவருடைய மனப்பொருத்தமின்றித் தொடுவதை ஹராமாக்கிய மார்க்கம் நம்முடையது. ஆனால், நீரும் மற்றப் பொருள்களைப் போன்றதுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வானத்திலிருந்து அளவோடு நீரை இறக்கிப் பூமியில் தங்கச் செய்ததாகவும், அதைப் போக்கிவிடத் தான் ஆற்றலுடையவன் என்றும் அல்லாஹுத்தஆலா திருமறையில் (23:18) அறிவிக்கிறான். குழி தோண்டியது நாம். ஊற்றை வைத்தவன் அவன். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தேவைக்கு மிஞ்சிய நீரை விற்பதை அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இவற்றை வைத்தே ஃபுகஹாக்கள் சட்டம் வகுத்தார்கள். குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைத்த நீர் பிடித்தவருக்கே சொந்தம். கிணற்றில் கிடக்கும் நீரோ, அள்ளி எடுக்கும் வரை எவருக்கும் உடைமையாகாது. தாகித்தவருக்கும் கால்நடைக்கும் அதில் உரிமையுண்டு என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபின் மிகச் சரியான சொல்லின்படி, சொந்த நிலத்துக் கிணற்று நீர் நிலத்தவருக்கே உரியது. ஆயினும் தம் தேவைக்குப் போக மிஞ்சியதைப் பிறருடைய கால்நடைகள் குடிக்கக் கொடுப்பது அவர்மீது வாஜிப் என்று இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். ஆக, ‘என் கிணறு’ என்ற சொல்லுக்கு இரு மத்ஹபுகளும் எல்லை கட்டியே வைத்துள்ளன.

இங்கே ஓதியறிந்தவர் ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும். கிணற்றைச் சுற்றி நாற்பது முழம் ‘ஹரீம்’, அதாவது பிறர் தோண்டக்கூடாத காவல் எல்லை. அதற்கப்பால் வேறொருவர் தோண்டி, முதல் கிணறு வற்றிப் போனாலும் அவர்மீது ஈடு ஏதுமில்லை. ஏனெனில் அவர் வரம்பு மீறியவரல்லர் என்று ஹிதாயாவில் வந்துள்ளது. உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலம், மனிதனும் மாடும் நீர் இறைத்த காலம். இன்றோ நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளை இறக்கி, மோட்டாரால் இரவும் பகலும் இறைக்கிறோம். நாற்பது முழத்துக்கு வெகு தூரத்தில் ஓர் ஏழை விதவையின் உறைகிணறு வற்றுகிறது. அவர் நம்மீது வழக்குத் தொடர வழியில்லை என்பதாலேயே, அது மறுமையிலும் கேட்கப்படாத ஹக்கு ஆகிவிடுமா? ஹரீமின் நோக்கம் முழக்கணக்கு அன்று. ஒருவர் தோண்டுவதால் மற்றவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே. தீங்கு எட்டும் தூரம் கூடும்போது, காவல் எல்லையும் கூடத்தானே வேண்டும்?

அந்த எல்லையை இன்று தனி மனிதர் அளந்து வைக்க இயலாது. ஆட்சிதான் வைக்க முடியும். நிலத்துக்கு உடையவர் அடியிலுள்ள நீரைத் திரட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தை 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் ஏற்றிருந்தது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென வந்த நிலத்தடி நீர்ச் சட்டம், கிணறு தோண்ட அனுமதியும், வீட்டுத் தேவைக்கு அல்லாமல் நீர் எடுக்க உரிமமும் வேண்டும் என்றது. 2003-இல் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குடிமக்கள் விஷயத்தில் ஆள்பவரின் செயல் அவர்களின் நலனைச் சார்ந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுக் காயிதா. மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் விடச் சொல்வது அந்த நலனுக்குள் அடங்கியதே; அது நம் கிணற்றோடு அண்டை வீட்டார் கிணற்றையும் ஊறச் செய்கிறது.

ஆட்சியும் நீருக்கு உடையவரல்ல, அமானிதம் காப்பவரே. ஏழை வீட்டைத் தடுத்துவிட்டு, பணம் படைத்தவரின் லாரிகளுக்கு வழிவிட்டால் அது அநீதி. அதைக் கண்டித்துப் பேச நமக்கு உரிமையுண்டு. ஆனால் பிறர் செய்யும் அநீதி நம் தவறுக்கு ஃபத்வா ஆகாது. அனுமதி பெறுவதற்காக ஒரு குழாயை மண்ணில் செருகிக் காட்டிவிட்டு, மழையைச் சாக்கடைக்கு விடுகிறவர் அதிகாரியை மட்டுமா ஏமாற்றுகிறார்? பொய்யும் சேர்கிறது, அண்டை வீட்டாரின் ஹக்கும் சேர்கிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன் குழியிலுள்ள சேற்றை அகற்றி, மணலும் கூழாங்கல்லும் மாற்றுங்கள். மிஞ்சிய நீரைக் கேட்டு வரும் அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் தடுக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் இரு கையளவான ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்தவர்கள்; நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது அது நினைவில் இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் பிறர் ஹக்கைப் பேணி நடக்கும் தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.