பொற்கவசமும் பசித்த கைகளும்

மிஸ்ரு நாட்டு வரலாற்றைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஸ்ரத், ஃபிர்அவ்னின் பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்த்து மகிழ்வது தகுமா?" என்று வினவினான். அன்று நாம் அளித்த விடை அவனை வாயடைக்கச் செய்ததேயன்றி நம் உள்ளத்துக்கு நிறைவளிக்கவில்லை.

ஃபிர்அவ்ன் என்பது மிஸ்ரு மன்னர்க்குரிய பட்டப்பெயர். மூஸா நபி (அலை) அவர்களை எதிர்த்து நின்றவனின் இயற்பெயரைத் திருமறை கூறவில்லை. எனவே கல்லறையிற் கிடக்கும் ஒவ்வொரு மன்னனையும் அக்கொடியவனாகவே கருதுவது நீதியாகாது. 1922இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டறிந்த கல்லறைக்குரிய துத்தன்காமூன், ஏறத்தாழ ஒன்பது வயதில் அரியணை ஏறி இருபதை எட்டுமுன் மாண்ட இளைஞன். அவன் முகத்தை மூடியிருந்த பொற்கவசத்தின் எடை பத்துக் கிலோவுக்கு மேல். அங்கேயே நூற்றுக்கு மேற்பட்ட ஊன்றுகோல்கள், செருப்புகள், விளையாட்டுப் பலகைகள், உணவுப் பெட்டிகள், பிறவாமலே மடிந்த இரு சிசுக்களின் உடல்கள் யாவும் இருந்தன. பொன்னைக் கண்டு வியந்த உலகம் அவ்விரு சிறு பேழைகளின் முன் எவ்வளவு நேரம் நின்றது?

அவனுடன் 413 சிறு பாவைகளும் வைக்கப்பட்டிருந்தன. மறுவுலகில் மன்னனை வயல் வேலைக்கு அழைத்தால் அவனுக்குப் பதிலாக இவை செல்லுமாம்! நாளுக்கு ஒன்றாக 365 ஏவலர். எஞ்சியவை அவர்களை மேய்க்கும் கங்காணிகள். இதனைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நம் இல்லங்களிற் பாத்திரம் துலக்குவோரை நினைத்ததும் அச்சிரிப்பு அடங்கிற்று.

அரசர் கல்லறைகளைக் குடைந்து வண்ணந் தீட்டிய கைவினைஞர் வாழ்ந்த சிற்றூரை இன்று தைருல் மதீனா என்பர். பிற்காலத்தே கிறித்தவத் துறவியர் அங்கு வாழ்ந்ததால் வந்த அரபிப் பெயர் அது. அவ்வூரார் எழுதிய ஓட்டுச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இரண்டாம் ராம்சேஸ் காலத்து வருகைக் குறிப்பு ஒன்று, யார் எந்நாள் ஏன் வரவில்லை என்பதைக் கூறுகிறது: ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவனுக்குக் கண் நோய். (மது வடிக்கச் சென்றதும் ஒரு காரணமாக எழுதப்பட்டுள்ளது, மறைப்பானேன்?) மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலியாகத் தரவேண்டிய தானியம் வந்து சேரவில்லை. கைவினைஞர் கருவிகளை வைத்துவிட்டுக் கோயிலருகே சென்று அமர்ந்தனர். பசியும் தாகமுமே தம்மை அங்குக் கொணர்ந்தன என்றனர். இச்செய்தியைத் தாங்கிய பாப்பிரசுச் சுருள் இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது.

ஆகவே அழகை வெறுக்க நமக்கு மனமில்லை. ஆணவம் ஏவியவனுடையது, அழகோ செய்தவனுடையது. 1200ஆம் ஆண்டையொட்டி மிஸ்ரில் வாழ்ந்த பக்தாது மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப், அபுல் ஹவ்ல் சிலையின் முக அளவொழுங்கை மனமார வியந்தெழுதினார். அவரது ஈமான் அதனாற் குன்றவில்லை.

உடல்களைப் பற்றியோ நாம் தயங்குகிறோம். 1980இல் அன்வர் சாதாத், அரசர் உடல்கள் இருந்த கூடத்தை மூடச் செய்தார். 1994இல் மீண்டும் திறந்தனர். 2021 ஏப்ரல் 3 அன்று 22 உடல்கள், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அமைத்த ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒளி விளக்குகளும் இசையும் சூழ ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. ஃபிர்அவ்னின் உடல் பின்வருவோர்க்கு அத்தாட்சியாக்கப்பட்டதாகத் திருமறை கூறுகிறதே எனலாம். உண்மைதான். ஆயின் அத்தாட்சி வேறு, வேடிக்கை வேறு. அப்துல் லத்தீஃபும் குவிந்து கிடந்த மனித எலும்புகளைக் கூர்ந்து நோக்கினார்; கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது என்ற ஜாலீனூஸின் கூற்றுத் தவறு, அது ஒன்றே எனக் கண்டார். அது கற்பவனின் பார்வை. நுழைவுச்சீட்டு வாங்கி, மையித்தின் முன் பேசிச் சிரித்து நகர்வதை அதனோடு ஒப்பிட நம்மால் இயலவில்லை.

இவற்றை அம்மாணவனிடம் கூறினோம். சற்றே சிந்தித்தவன், "அந்தப் பொற்கவசத்தைச் செய்தவர் பெயர் என்ன, ஹஸ்ரத்?" என்றான். மன்னன் பெயர்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது என்றோம்.