மகமைக் கணக்கு

மனம் வந்தபோது கொடுத்தால் அது தானம். கெடு தேதியில் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அது கடன். இரண்டிலும் பணம் கை மாறத்தான் செய்கிறது. ஆனால் வாங்குகிறவன் நிற்கிற இடம் வேறு. தானம் வாங்க வந்தவன் வாசலில் காத்து நிற்கிறான். கடனைக் கேட்க வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறான்.

செட்டிநாட்டாருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில் அவர்களுடைய கணக்கில் மகமை என்று ஒன்று இருந்தது. தர்மத்துக்கென்று ஒதுக்கும் தொகை அது. சுவாமி பேரிலேயே கணக்கு எழுதினார்கள். கடையில் பணம் போட்டு வைத்தவர்களுள் ஒருவரைப் போலச் சுவாமியும் பேரேட்டில் இடம் பெற்றார். இந்த ஏற்பாட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. தயவு என்ற பத்தியில் இருக்க வேண்டியதை எவ்வளவு சாதாரணமாகக் கடன் என்ற பத்திக்கு மாற்றிவிட்டார்கள்!

பள்ளிப் பிள்ளைகளின் பஸ் பிரயாணத்தை நம் சர்க்கார் எந்தப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. அந்தச் செலவைப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சர்க்கார் ஈடு செய்கிறது. காரைக்குடியில் ஒரு காலத்தில் மருதுபாண்டியர் பெயரில் ஒரு கழகமே இருந்தது; 1997இல் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன; இப்போது அது கும்பகோணம் கோட்டத்தின் ஒரு மண்டலம். பெயர் எதுவானாலும், அந்த டவுன் பஸ்கள் இல்லாவிட்டால் கல்லல், காளையார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இதைச் சிறிய காரியம் என்று சொல்பவன் நன்றி கெட்டவன்.

ஆனாலும் காலை எட்டரை மணிக்கு ஒரு கிளைச்சாலை நிறுத்தத்தில் நின்று பாருங்கள். எந்த ஊர் என்பது வேண்டாம். நான் நின்ற அன்று இருபது பிள்ளைகளுக்கு மேல் காத்திருந்தார்கள். பஸ் வந்தது, நிறுத்தத்தைத் தாண்டி ஒரு பர்லாங் தூரம் போய் நின்றது. புத்தகப் பைகளோடு ஓடினார்கள். பெரிய பையன்கள் படிக்கட்டில் தொங்கினார்கள். ஓட முடியாத சின்னப் பெண்கள் நாலைந்து பேர் திரும்பி வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை வருத்தியது. சும்மா கிடைப்பது இன்று கிடைக்கவில்லை, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்கள்.

டிரைவரை நான் குற்றம் சொல்லவில்லை. டிப்போவில் அவரிடம் கேட்பது நேரமும் டீசலும் வசூலும். எத்தனை பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதே சாலையில் சற்று நேரத்தில் ஒரு மஞ்சள் பஸ் போகும். அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு, துக்ககரமான சரித்திரம். 1997 நவம்பரில் டில்லி வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளி பஸ் யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டிலேயே பள்ளி பஸ்களுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வேக எல்லை வகுத்தது. 2012 ஜூலையில் சென்னைக்கு அருகே சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ் தரையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து மாண்டாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அவசர வழி, உதவியாளர், முதலுதவிப் பெட்டி, ஆண்டுதோறும் சோதனை. மே மாதத்தில் மஞ்சள் பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், இன்னும் கடுமையாகவே பார்க்கட்டும்.

ஆனால் அந்த விதிகள் காப்பது யாரை? கட்டணம் கட்டும் தகப்பனுடைய பிள்ளையை. சர்க்காரே கட்டணம் கட்டும் பிள்ளை இன்னும் படிக்கட்டில்தான். இருவருக்கும் வயது ஒன்று. போகிற சாலையும் ஒன்று. பிறத்தியாருக்கு விதி எழுதுகிற கை, தனக்கே எழுதிக்கொள்ளும்போது ஏனோ தயங்குகிறது.

போக்குவரத்து உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பாஸும் கொடுத்து ஸீட்டும் கொடுக்கணுமா சார்? பஸ்ஸுக்கு எங்கே போறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற தாயும் பள்ளிக்குப் போகிற மகளும் ஒரே பஸ்ஸில் இடம் தேடுகிறார்கள். இருவரும் ஏறத்தான் வேண்டும், பஸ் ஒன்றுதான்.

அவருக்கு நான் சொன்ன பதில் காமராஜர் காலத்து ஏற்பாடு. ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று அன்று கோடு போட்டார்கள். கஜானா நிரம்பி வழிந்த காலமல்ல அது. ஆனாலும் பிள்ளை நடக்க வேண்டிய தூரத்துக்கு எல்லை வகுத்து, மிச்சத் தூரத்தைப் பள்ளிக்கூடம் நடந்து வரட்டும் என்றார்கள். மேல்நிலைப் பள்ளியைச் சோதனைச் சாலைகளோடு ஊருக்கு ஊர் வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பள்ளி நடக்காமல் விட்ட தூரத்தைப் பஸ்தான் ஓடித் தீர்க்க வேண்டும். அது அதே கடனின் பாக்கி அல்லவா?

நண்பர் சிரித்தார். "பாக்கிதான் சார். வசூல் பண்ண வர்றவங்கதான் சின்னப் பிள்ளைங்களாப் போயிட்டாங்க" என்றார்.

மே மாதம் மஞ்சள் பஸ்ஸைச் சோதிக்கும் அதே அதிகாரிகள், பள்ளி திறந்தபின் ஒரு நாள் காலை கிளைச்சாலைகளுக்கும் வரலாம். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் மரத்தடிக்குத் திரும்பினார்கள் என்று எண்ணினால் போதும்; அதை வைத்து டிரிப்பை மாற்றலாம். மாலையிலும் ஒருமுறை வர வேண்டும். இந்தப் பக்கத்தில் பத்தாவது தேறிய பெண்ணை மேலே படிக்க அனுப்புவதா என்று வீட்டில் பேசும்போது, மார்க்கை விசாரித்த பிறகு அப்பத்தா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"