பயிலும் கையும் நோயுற்ற பிள்ளையும்

நம் வர்த்தகச் சகோதரர்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறோம். மனம் நோயுற்ற பிள்ளையைத் தகப்பனார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறார். டாக்டரின் அருகே ஒரு மாணவி அமர்ந்திருக்கிறாள், பயிற்சிக்காக வந்தவள். "இவர் இங்கே இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். தகப்பனார் என்ன விடை சொல்வது? "என் பிள்ளையின் துன்பம் ஊரார் பிள்ளைக்குப் பாடமாவதா?" என்று அவர் உள்ளம் துடிக்குமாயின் அதில் நியாயம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் அது நியாயத்தின் ஒரு பாதியே என்பது நமது கருத்து.

முதலில் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 424,000 பேருக்கு மனநலக் குறை இருப்பதாகக் கணக்கிட்டது. 2022ஆம் ஆண்டு ஆய்வோ, இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகக் கூறிற்று. இது ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி என்று நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கில்லை.

இந்த வைத்தியம் நூலைப் படித்து மட்டும் வருவதன்று. தனக்கு மனம் சரியில்லை என்று பிள்ளை வாய்திறந்து சொல்லாது. வயிறு வலிக்கிறது என்னும், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்னும், இரவெல்லாம் விழித்துக் கிடக்கும், காரணமின்றிச் சீறும். அதன் பொருளை உணர, தேர்ந்தவர் பக்கத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து பார்க்கவேண்டும். துணியின் நயத்தைப் பட்டியலைப் படித்தா நாம் அறிந்துகொண்டோம்? முதலாளியின் பக்கத்தில் நின்று, விரலால் தடவித் தடவி அல்லவா அறிந்தோம்!

நோயாளியின் அருகிலிருந்து பயிலும் முறை நமக்கு அந்நியமானதுமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைத்திய மேதை அர்ராஸி அவர்களின் சபையில் மாணாக்கர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்களாம். வரும் நோயாளியை முதலில் இளையவர் விசாரிப்பார். அவருக்குத் தெரியாவிட்டால் மூத்தவர். அவருக்கும் விளங்காவிட்டால் அர்ராஸியே பேசுவார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய ஆஸ்பத்திரியில் மனநோயாளருக்கென்று தனிப் பகுதி இருந்தது. வைத்தியம் கற்பிக்க இடமும் இருந்தது. உடல் நோயுறுவதுபோல் உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சையுண்டு என்று பத்தாம் நூற்றாண்டிலேயே நூல் எழுதினார் அல்பல்கி அவர்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வைத்தியத்தையும் கணிதத்தையும் பர்ளு கிஃபாயா என்று ஒருங்கே வகுத்தார்கள். உடலைக் காக்க வைத்தியம். கொடுக்கல் வாங்கலுக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் கணிதம். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் குற்றம் ஊரார் அனைவரையும் சேரும். கணிதத்தில் நாம் குறைவைக்கவில்லை. நமது கடைகளே அதற்குச் சாட்சி. மற்றக் கடமையை என்ன செய்தோம்?

இனி அந்த மறு பாதிக்கு வருவோம். ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணாக்கர் பயில்வது புதிதன்று. 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று ஆர்.சி.எஸ்.ஐ.-யூ.சி.டி. மலேசியா வளாகம் என்ற பெயரில் நடக்கும் கல்லூரியின் மாணாக்கரும் அங்கே பயில்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் காத்திருப்பவர் பெரும்பாலும் எளியவர். வசதியுள்ள நாம் தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்கிறோம். அங்கே நம் பிள்ளையைப் பார்க்கும் தேர்ந்த டாக்டர் எங்கே தேர்ந்தார்? பெயர் தெரியாத ஏழைப் பிள்ளைகள் பலர் தம் துன்பத்தைச் சொல்ல, அருகிருந்து கேட்டுத் தேர்ந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கடன் கொடுத்தவர் பெயர் தெரியவில்லை என்பதற்காகக் கடன் தீர்ந்ததாகக் கணக்கை மூடுவது நம் வியாபார தர்மமா?

அதனால் ஒவ்வொரு தகப்பனாரும் சம்மதித்தே தீரவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. பிள்ளையின் மானம் ஓர் அமானிதம். தகப்பனார் கூட அதை வாரி வழங்க உரிமையுள்ளவரல்லர். ஆகவே சில வரம்புகளைக் கேட்டுப் பெறவேண்டும். பெற்றோரை மட்டுமன்றி, விவரம் தெரிந்த பிள்ளையையும் கேட்கவேண்டும்; அதுவும் மாணாக்கர் அறைக்குள் வருமுன் கேட்கவேண்டும். மறுத்தால் சிகிச்சையில் ஒரு குறையும் வரலாகாது. மாணாக்கரைத் தனியே விட்டுவிடாமல் ஆசிரியர் பொறுப்பேற்கவேண்டும். புதிதாக வந்த பையனை முதல் நாளே கல்லாவில் தனியாக உட்காரவைப்பவர் நம்மில் யார்? தவறினால் காசோடு போகிற கல்லாவுக்கே இத்தனை காவல் என்றால், பிள்ளையின் மனத்துக்கு எவ்வளவு காவல் வேண்டும்!

நம்மவரின் பெரிய அச்சம் வேறொன்று. ஜார்ஜ்டவுன் சிறிய ஊர். சூலியா தெருவில் காலையில் நடந்தது மாலைத் தொழுகைக்குள் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்துவிடும். பயில வந்த மாணவி நம் உறவுக்காரப் பெண்ணாயிருந்தால்? நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்து நின்றால்? இந்த அச்சத்தைப் பரிகசிக்கலாகாது. நோயாளி தமக்குத் தெரிந்தவர் என்றால், மாணாக்கர் ஆசிரியரிடம் சொல்லி விலகிக்கொள்வதே முறை. அறைக்குள் கேட்டது அறைக்குள்ளேயே அடங்கவேண்டும். ஆனால் ஊர் வாய் அஞ்சத்தக்கதாயிருப்பது யாரால்? மாணவி ஒரு சொல் சிந்தினாலும் அதைப் பொறுக்கியெடுத்துப் பரப்புவது நம் நாவல்லவா? புறம் பேசுவதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பதை அறியாதவர் நம்மில் இல்லை.

மறைத்து வைப்பதன் முடிவு என்ன என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், நம்மில் பலருடைய முன்னோரின் இராமநாதபுரம் சீமையில், ஏர்வாடியில், ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடித் தப்ப வழியின்றி மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுவந்தவர்கள் எல்லோரும் ஈரமற்றவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள், வெட்கத்துக்கு அஞ்சியவர்கள். துஆவை நாம் விடவில்லை, விடவும் மாட்டோம். நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கினான் என்று நம்புகிறவர்கள் துஆவையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்குவது எப்படி?

இந்நாட்டிலும் காலம் மாறியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. போலீசுக்கு அஞ்சிப் பிள்ளையை ஒளித்துவைக்கும் காரணமும் அதோடு போயிற்று.

எனவே நமது முடிவு இது. டாக்டர் கேட்கும்போது, "வேண்டாம்" என்று சொல்ல உரிமையுண்டு. பிள்ளை அஞ்சினால் அப்படியே சொல்லுங்கள். வெட்கம் ஒன்றே காரணமாயின், ஒரு கணம் நின்று, நமக்கு முன் "சரி" என்று சொன்ன ஏழைத் தாயை நினையுங்கள். உங்கள் மகளோ மகனோ இந்தப் படிப்புக்குப் போக விரும்பினால், "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையா?" என்று தடுக்காதீர்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தன் வேதனையைத் தாய்மொழியில் சொல்லும்போது, அதைக் கேட்டு விளங்கிக்கொள்ள ஒருவர் வேண்டாமா? நம் சங்கமும் தன் கல்வி நிதியில் இத்துறை மாணாக்கருக்கு ஓர் இடம் ஒதுக்குவது பற்றி ஆலோசிக்கட்டும்.

பெயர் எழுதாத கடனை அறிந்து தீர்க்கும் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. துன்புறும் பிள்ளைகள் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.