ஒரே கேள்வி போதுமா?

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா?

'ஏதோ தூங்கினேன் சார்' என்பீர்கள். அந்த 'ஏதோ'வுக்கு எத்தனை மார்க் போடுவது? ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. தூக்கத்தை அளக்கவும் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ராத்திரி முழுக்கச் செய்கிற சோதனை உண்டு. வருகிற எல்லோருக்கும் அதைச் செய்து மாளாது. அதனால் டாக்டர்கள் முதலில் கேள்வித்தாளை நீட்டுகிறார்கள்.

1991-ல் ஆஸ்திரேலிய டாக்டர் மர்ரே ஜான்ஸ் தயாரித்த 'எப்வர்த் அளவுகோல்' அப்படி ஒன்று. எட்டே கேள்விகள். படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண் சொக்குமா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் ஜாஸ்தி என்று அர்த்தம். ராத்திரி தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதியாகக்கூட இருக்கலாம்.

கடைசிக் கேள்வி இது: டிராஃபிக்கில் கார் சில நிமிடம் நிற்கும்போது தூங்கிவிடுவீர்களா?

இதையெல்லாம் ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்ததா? ஸ்பானிஷ் சுமார் 20 நாடுகளின் மொழி. ஸ்பெயினில் கார் என்றால் 'கோச்சே'. கொலம்பியாவில் 'கர்ரோ'. அர்ஜென்டினாவில் 'அவுத்தோ'. 'சுவென்யோ' என்ற வார்த்தை இன்னும் வேடிக்கை. தூக்கம், தூக்கக் கலக்கம், கனவு மூன்றுக்கும் அது ஒன்றுதான்! மொட்டையாகக் கேட்டால் யார் எதைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார் என்றே தெரியாது.

வார்த்தையையாவது மாற்றிவிடலாம். வாழ்க்கையை? பெருவில் கார் ஓட்டாதவர்கள் ஏராளம். அவர்கள் கடைசிக் கேள்வியைக் காலியாக விடுவார்கள், அல்லது 0 போடுவார்கள். அந்த ஒரு சைபரால், சிகிச்சை தேவைப்படுகிறவர் 'நார்மல்' என்று வீட்டுக்குத் திரும்பக்கூடும். கார் இல்லாததற்கு இப்படி ஒரு தண்டனை!

2012-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரு டாக்டர்கள் இதற்கு வழி செய்தார்கள். கார் ஓட்டாதவர்களுக்கு அந்த இடத்தில் வேறு கேள்வி: நின்றுகொண்டிருக்கும்போது, சுவரில் சாய்ந்தோ சாயாமலோ, கண் சொக்குமா?

'அதெப்படி, ஆளுக்கொரு கேள்வி? எல்லோருக்கும் ஒரே கேள்வி என்பதுதானே நியாயம்?' என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஒரே அளவு அவதிப்படுகிற இரண்டு பேருக்கு ஒரே மார்க் விழ வேண்டும், அதுதான் நியாயம். அதற்காகக் கேள்வி கொஞ்சம் மாறினால் தப்பில்லை.

ஆனால், இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண ஜனங்களிடம் படிக்கக் கொடுத்து, 'என்ன புரிந்தது?' என்று விசாரிக்க வேண்டும். சில நாள் கழித்து அதே ஆளிடம் திரும்பக் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பதில் கோணலாக வந்தால், ஆளைத் திட்டாமல் முதலில் கேள்வியைத்தான் சந்தேகப்படுகிறார்கள். வீட்டில், ஆபீஸில், ஸ்கூலில் நாம் எத்தனை தடவை அப்படிச் செய்திருக்கிறோம்?

இதோ, என் முதல் வரியையே பாருங்களேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இதைப் படிக்கிறவர், 'ராத்திரி எங்க சார் தூங்கறது?' என்று சிரித்திருப்பார். தப்பு என்னுடையது. கேள்வியை மாற்றிக்கொள்கிறேன்...

கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?