கசிவும் கடமையும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இயந்திரத்திலிருந்து எண்ணெய் கசிவது ஒரு தத்துவப் பிரச்சினையா? கராஜுக்குப் போனால் தீரும் காரியத்தை இலக்கிய ஏட்டுக்குள் கொண்டுவருவானேன் என்று வாசகர் கேட்கலாம். ஆனால் குறை தெரியும் இடம் வேறு, குறை பிறக்கும் இடம் வேறு என்ற உண்மையை இவ்வளவு எளிதாகக் காட்டும் பொருள் நம் அன்றாட வாழ்வில் அதிகமில்லை. அதுமட்டுமன்று, பெரிய குறை திருந்தும்வரை சிறிய குறையைத் திருத்துவதில் பயன் உண்டா என்று நம்மிடையே ஓயாது நடக்கும் வாதத்துக்கும் அதில் விடை இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இது வெறும் கற்பனையன்று. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 தொடக்கத்திலேதான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் மீனவரும் ஆசிரியரும் கூலித் தொழிலாளரும் தம்மிடமிருந்த பழைய வண்டியையே கட்டிக் காக்க வேண்டியதாயிற்று. கடற்காற்றின் உப்பு அலுமினிய மூடிகளை அரிக்கிறது, வெயில் றப்பர் சீல்களைக் காய்ச்சுகிறது, எண்ணெய் சொட்டுகிறது. சொட்டிய எண்ணெய் வீதியோடு நின்றுவிடுவதில்லை. மாரி மழை அதை வாய்க்காலில் சேர்க்கிறது. வாய்க்கால் கடலில் சேர்க்கிறது.

கசிவை நிறுத்தப் புகும் நல்ல மெக்கானிக் என்ன செய்கிறார்? முதலில் இயந்திரத்தை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலர்த்துகிறார். பின்னர் வெண்கட்டிப் பொடியைத் தூவி, சற்று நேரம் ஓடவிடுகிறார். பொடி முதலில் நனையும் இடமே கசிவின் வாய். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னே தள்ளும். அதன் பாரம் கீழே இழுக்கும். ஆகவே அடியில் சொட்டும் எண்ணெய் பெரும்பாலும் மேலேயோ முன்னேயோ பிறந்ததாகும். சொட்டும் இடத்தைக் குற்றவாளியாக்குவது அறியாமை.

வாயைக் கண்டபின்னும் காரணத்தைக் கண்டதாகாது. பிஸ்டன் கீழிறங்கும்போது இயந்திரத்தின் அடிப்பெட்டிக்குள் காற்று அமுங்குகிறது. அந்த அமுக்கம் வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. சேறோ குளவிக்கூடோ அதை அடைத்துவிட்டால், அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிந்த வாயு கீழே புகுந்தால், உள்ளமுக்கம் பெருகும். அது மிக நலிந்த பொருத்தைத் தேடி எண்ணெயை வெளியே தள்ளும். அந்நிலையில் எத்தனை புதிய காஸ்கட் மாற்றினாலும் கசிவு நிற்காது. இன்று ஓரிடத்தில் அடைத்தால் நாளை வேறோரிடத்தில் தோன்றும்.

அவசரக்காரர் கையாளும் வழிகள் இரண்டு. ஒன்று, போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவது. அலுமினியத்தில் வெட்டிய புரி அதனால் அழியும். மூடி வளைந்து கசிவு பெருகும். மற்றது, பசையை அள்ளி அப்புவது. மிகுதிப் பசை உள்ளே பிதுங்கி, பிய்ந்து, எண்ணெய் செல்லும் சிறு துளையை அடைக்கக்கூடும். அப்போது வெளியே ஒரு சொட்டும் விழாத அழகிய இயந்திரம், உள்ளே எண்ணெயின்றி இறுகிப்போகும். முணுமுணுப்பை அடக்கிவிட்டு நாட்டில் அமைதி நிலவுகிறது என்று மகிழும் ஆட்சியாளருக்கும் இந்தப் பசைக்காரருக்கும் என்ன வேறுபாடு?

காரணத்தைத் தேடும் வழி கராஜுக்கு வெளியேயும் செல்லும். எண்ணெய் கசிவது பழைய பிரித்தானிய வண்டிகளின் பிறவிக் குணம் என்று வேடிக்கை பேசுவர். ட்ரையம்ப், பி.எஸ்.ஏ. இரட்டை உருளை வண்டிகளின் அடிப்பெட்டி நெடுக்காகப் பிளந்து பொருத்தப்பட்டது. அப்பொருத்து எண்ணெய் தேங்கும் அடிவரை இறங்கிற்று. 1960களின் ஹொண்டா இரட்டை உருளை வண்டிகள் பலவற்றில் பொருத்து கிடையாக, எண்ணெய் மட்டத்துக்கு மேலே அமைந்தது. இது தொழிலாளியின் கைத்திறனில் உள்ள வேறுபாடன்று. 1975இல் பிரித்தானிய அரசுக்காகப் பொஸ்ரன் ஆலோசனைக் குழு தயாரித்த அறிக்கை, அந்நாட்டு உற்பத்தியாளர் குறுகியகால இலாபத்தையே நோக்கினர் என்றும், ஜப்பானியரோ பேரளவு உற்பத்திக்கான கருவிகளில் முதலிட்டனர் என்றும் காட்டியது. கசிவின் ஊற்று இலாபக் கணக்கில் இருந்தது.

ஆகவே குற்றம் மேலே இருக்கிறது; கீழே இருப்பவர் ஏன் கவலைப்பட வேண்டும்? நம்மில் பலர் விரும்பும் முடிவு இது. திருகோணமலையில் இதற்கு வலுவான சான்றும் கிடைக்கும். சீனக்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படைக்காக அமைத்த எண்ணெய்த் தொட்டிகள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே ஒரு தொட்டி பற்றி எரிந்தது. 2022 ஜனவரியில் தொட்டிகள் ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டன: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. அதே ஆண்டில், அத்தொட்டிகளின் அருகே வாழ்ந்த மனிதர் நீண்ட வரிசைகளில் நின்று, தம் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் பங்கீடாகப் பெற்றனர். இந்தக் கொடுமைக்கு முன் ஒரு சொட்டு எண்ணெய் எம்மாத்திரம் என்று கேட்கலாம் அல்லவா?

கேட்கலாம். ஆனால் அந்தச் சொட்டின் கேடு யாரைச் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும். சக்கரத்தில் படிந்த எண்ணெயால் சறுக்கி விழுவோர் வண்டியை ஓட்டும் தொழிலாளியும் பின்னிருக்கும் அவர் பிள்ளையுமே. வாய்க்கால்வழி கடலில் சேர்வது, கரைவலை இழுப்பவரும் நண்டு பிடிப்பவரும் வயிறு வளர்க்கும் நீரில். கசிவின் கேடு இலாபம் ஈட்டியவரைத் தேடிச் செல்வதில்லை. பக்கத்து வீட்டு ஏழையைத் தேடியே செல்கிறது. எனவே பழி நம்முடையதன்று என்பதால் பொறுப்பும் நம்முடையதன்று என்றாகிவிடாது. பழி கடந்தகாலத்தைப் பற்றியது. பொறுப்போ, இனி யார் துன்புறுவார் என்பதைப் பற்றியது.

ட்ரையம்ப் வண்டி செய்த மெரிடன் ஆலைத் தொழிலாளர் இதை உணர்ந்தனர். 1973இல் ஆலையை மூட முற்பட்டபோது அவர்கள் அதனைக் கைப்பற்றி நின்றனர். 1975 முதல் 1983 வரை கூட்டுறவாக நடத்தினர். ஆலையின் நலிவுக்குக் காரணம் அவர்களல்லர். எனினும் அந்த நலிந்த ஆலையையே ஏற்று வேலை செய்தனர். அம்முயற்சி ஈற்றில் வீழ்ந்தது. அதனால் அது வீண் என்று யார் சொல்வார்?

நல்ல மெக்கானிக்கின் செயலில் இவ்விரு கடமைகளும் முரண்படுவதில்லை. மூச்சுக்குழாயையும் அவர் துப்புரவு செய்கிறார், காஸ்கட்டையும் மாற்றுகிறார். காரணத்தை அறிந்தவர் என்பதால் அவர் சொட்டை விட்டுவைப்பதில்லை. சொட்டு நின்றதென்று காரணத்தை மறப்பதுமில்லை. அவர் வடித்தெடுத்த பழைய எண்ணெயை ஊற்ற, உள்ளூராட்சி மன்றம் ஒரு சேகரிப்புத் தொட்டி வைக்க வேண்டும் என்று கேட்பது நம் வேலை. வகுப்பறையில் உலகை மாற்றும் தத்துவம் பேசுவோர் அக்கோரிக்கையையும் தம் பேச்சில் சேர்த்துக்கொள்ளட்டும்.