கடல் கடந்த கல்வியும் காக்க வேண்டிய உடலும்



காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு மாணவன் மேற்படிப்புக்காகப் பாரீசு செல்வதாகக் கொள்வோம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அப்பகுதிக்குப் பிரான்சு புதிய பெயரன்று. அவனைப் பெற்றோர், "புலால் தொடாதே, மது அருந்தாதே" என்று விரதம் கொடுத்து அனுப்புவர். நன்றே. ஆயினும் அவ்வளவு போதுமா?

விரதம் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1888 செப்டம்பரில் சட்டம் பயில இலண்டனுக்குக் கப்பலேறிய காந்தியடிகளுக்கு, மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்னும் உறுதிமொழியை வழங்கியவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. தொடக்கத்தில் அரைவயிற்றோடு துன்புற்ற காந்தியடிகள், தெருத்தெருவாக நடந்து சைவ உணவகத்தைத் தேடிக் கண்டார். சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்து நண்பர்களையும் பெற்றார். விரதம் அவரை நல்லினத்தோடு சேர்த்தது.

இனி, நம் காவிரிக்கரைக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனைக் காண்போம். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், தம் கையாலேயே சமைத்துச் சைவநெறி காத்தார். அவ்வாண்டே மூண்ட உலகப்போரால் வேண்டிய உணவுப்பொருள்கள் அரிதாயின. கணக்கில் மூழ்கியவர் வேளை தவறி உண்டார். 1917இல் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் மறைந்தார். காசநோய் என்றே அன்று பலரும் கருதினர். டி.ஏ.பி. யங் என்னும் ஆய்வாளர், முன்னர் வந்த சீதபேதியின் விளைவாகக் கல்லீரலில் தோன்றிய அமீபா நோயாக அது இருக்கலாம் என்றும், அக்காலத்திலேயே தீர்க்கத்தக்கது என்றும் 1994இல் கருத்துரைத்தார்.

இருவரும் விரதம் தவறாதவரே. ஆகவே விரதத்தின்மீது குற்றமில்லை. விரதத்தோடு விழிப்பும் வேண்டும் என்பதே பாடம். பிரமாதம், அதாவது கவனமின்மை, உயிர்க்கு ஊறு செய்யும்போது அது இம்சையாகும் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. எறும்பைக் காக்கக் குனிந்து நடக்கும் நாம், நம்முள் உறையும் உயிரைக் கவனியாது விடலாமோ? தன்னுயிரும் உயிரன்றோ?

ஆதலின் மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஐந்து சொற்கள்.

ஒன்று: இரவுண்ணாமை காப்பவர் கதிரவனை அறிந்து நாளை அமைக்க வேண்டும். பாரீசில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் பொழுது சாயும். வகுப்பு முடிந்து உண்ணலாம் என்றிருந்தால் பட்டினிதான். பகலுணவைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு: தாவர உணவில் பி12 உயிர்ச்சத்து இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் ஓரளவு தரும். குளிர்நாட்டில் வெயில் குறைவதால் டி உயிர்ச்சத்தும் குன்றும். மருத்துவர் சொற்படி இரத்தப் பரிசோதனை செய்து குறையை நிரப்புங்கள். உறை மாத்திரையில் விலங்குப் பொருள் உண்டெனில் மாற்று மருந்து கேளுங்கள், மருந்தையே நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று: சென்றவுடன் அந்நாட்டு மருத்துவக் காப்பில் பதிவு செய்யுங்கள். பிரான்சில் வெளிநாட்டு மாணவர்க்கு அப்பதிவு கட்டணமற்றது. முன்பு கண்ட நோய்களை எழுதி வைத்து மருத்துவரிடம் மறையாது கூறுங்கள்.

நான்கு: இந்தியத் தூதரகத்தில் பெயர் பதியுங்கள். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது, அங்குப் பயின்ற நம் மாணவர் பல்லாயிரவர் திடுமென வெளியேற நேர்ந்ததை மறவாதீர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழையுங்கள்.

ஐந்து: தனிமையில் மனம் சோர்ந்தால் வாய்திறந்து சொல்லுங்கள். அது கோழைத்தனமன்று, தன்னுயிர் ஓம்பும் அறம்.

பெற்றோரே! தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "உண்டாயா? உறங்கினாயா?" என்று கேளுங்கள். "முடியவில்லை" என்று பிள்ளை சொன்னால் சினவாது கேட்டுக்கொள்ளுங்கள். கற்ற கல்வியோடு கற்றவனும் நலமாக இல்லம் திரும்ப வேண்டுமன்றோ!

வளர்க நல்லறம்! வாழ்க எவ்வுயிரும்!