பல மரம் கண்ட தச்சன்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்பது நம்மவர் நாவிற் பழகிய முதுமொழி. ஜொகூரில், தோட்டப்புறமாயினும் பட்டணமாயினும், மாணவனொருவன் கணிதத்தோடு இலக்கியமும் விஞ்ஞானமும் கற்க விரும்பின், மூத்தோர் இம்மொழியைக் கூறி அவனை அடக்குதல் உண்டு. பல துறை புகுவோன் எதிலும் நிலையாதவன் என்பது உண்மைதானா? இதனை ஓர் அறிஞரின் வாழ்வில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு லாகூரில், தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் 'வெள்ளைக் குள்ளன்' என்னும் நிலையில் தங்குவதற்கு, அதன் நிறைக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லை ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது அவர் கண்ட முடிபு. 1935-இல் இலண்டன் மாநகரத்து வானியற் சங்கக் கூட்டத்திலே, அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் அம்முடிபை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் தம் முடிபைக் கைவிட்டாரில்லை. 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றி நூலெழுதி, அதில் யாவற்றையும் முறைப்பட வைத்த பின்னர் வேறு துறை புகுந்தார்.

1942-இல் விண்மீன் கூட்டங்களின் இயக்கத்தைப் பற்றியும், 1950-இல் ஒளியானது வளிமண்டலத்தினூடே செல்லும் முறையைப் பற்றியும், 1961-இல் பாய்பொருள்களின் நிலைப்பாட்டைப் பற்றியும், 1969-இல் சுழலும் பாய்பொருட் கோளங்களின் வடிவத்தைப் பற்றியும், 1983-இல் கருந்துளைகளைப் பற்றியும் அவர்தம் நூல்கள் வெளிவந்தன. தாம் மறைந்த 1995-ஆம் ஆண்டில் நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கமும் அளித்தார். ஒவ்வொரு துறையிலும் பல்லாண்டு உழைத்து, கண்டதை நூலாக்கிய பின்னரே அடுத்ததற்குச் சென்றார். 1983-இல் நோபெல் பரிசும் பெற்றார்.

ரப்பர்த் தோட்டம் அறிந்தோர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். பால்மரம் சீவுவோர் ஒரு காலையிற் பல நூறு மரங்களைச் சீவுவர். பல மரம் கண்டோர் என அவர்களை எவரும் பழித்ததில்லை. பட்டையை மேலாகக் கீறினாற் பால் வாராது. கத்தி கட்டையிற் பட்டால் மரம் புண்படும். உரிய ஆழம் அறிதலே தொழில். தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது அதே கைகள் புதுத் தொழிலையும் கற்றுக்கொண்டன. மரங்கள் பலவாதலாற் குற்றமில்லை. ஆழங் காணாமையே குற்றம் என்போம். ஒன்றை முடியாது மற்றொன்றிற்குத் தாவுவோனுக்கு மட்டுமே அம்முதுமொழி பொருந்தும்.

இன்ன குலத்தார்க்கு இன்ன தொழில் என வரையறுத்த நம் சமூகத்தில், அம்மொழி ஏழைப் பிள்ளைகளுக்கு வேலியாகவும் நின்றது. சந்திரசேகரின் சிறப்பைப் பிறவியின்மேல் ஏற்றிப் பேசுவாரும் உளர். விஞ்ஞானி சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பன். அவர் வளர்ந்தது கற்றோர் நிறைந்த குடும்பம். இதனை நாம் வாய்ப்பு என்றே சொல்வோம். அத்தகைய வாய்ப்பைத் தோட்டத்துப் பிள்ளைக்கு மறுத்துவிட்டு, 'உனக்கு ஏன் பல துறை?' என வினவுதல் அறமாகுமா?

ஆதலின் பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளை புதியதொன்றைத் தொடும்போது தடை சொல்லாதீர். முன்பு தொட்டதை எவ்வளவு ஆழமாகக் கற்றான், கற்றதைப் பிறர்க்குப் பயன்பட எழுதி வைத்தானா என்று மட்டும் கேளுங்கள். அவன் கேட்கும் நூல்களைத் தேடிக் கொடுப்பதும் நம் கடமையே.